கம்பிக்குள் ஈரம்

திருச்சிக்கு வடக்கே, கொள்ளிடம் தாண்டிய ஒரு சிற்றூரில் நாங்கள் இருந்தபோது, இணையம் வீட்டுக்குள் வந்தது தொலைபேசிக் கம்பி வழியாகத்தான். அப்பா பெயரில் இருந்த பழைய இணைப்பு, அதே இரண்டு செம்புக் கம்பிகள், நுனியில் ஒரு மோடம். நான் வீட்டில் உட்கார்ந்தபடியே சென்னைப் பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்கள் வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கங்களை பிடிஎஃப் ஆக்கி அனுப்ப வேண்டும். திருத்தம் வந்தால் மாற்றி மறுபடி அனுப்ப வேண்டும். லைன் படுத்தால் அன்றைய வேலையும் படுத்தது.

இந்திய அரசின் 2004ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் வந்தாலே பிராட்பேண்ட் என்று வரையறுத்திருந்தது. நான் சொல்லும் காலம் 2011, 2012 வாக்கு. அதற்குள் திட்டங்கள் வளர்ந்து, எங்களுக்கு இறங்கும் வேகம் 2 எம்பிபிஎஸ் வரை என்று ரசீதில் அச்சாகி வந்தது. ஏறும் வேகம் 256 கேபிபிஎஸ். அதாவது 20 எம்பி கோப்பு ஒன்றை அனுப்ப, எல்லாம் ஒழுங்காக இருந்தாலே பதினோரு நிமிடம் ஆகும். பாதியில் லைன் அறுந்தால் முதலிலிருந்து.

அறுந்துகொண்டேதான் இருந்தது. பகலில் ஓடும். மாலை ஆறு மணிக்கு மேல் நொண்டும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மோடத்தில் டிஎஸ்எல் விளக்கு அணைந்து அணைந்து எரியும். புகார் எண்ணுக்கு அடித்தால், மறுமுனையில் இருப்பவர் மரியாதையாகத்தான் பேசுவார். மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார். பண்ணிவிட்டேன் என்றால் மறுபடி பண்ணச் சொல்வார். பிறகு ஒரு புகார் எண் தருவார். மறுநாள் யாரும் வராமலே, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று எஸ்எம்எஸ் வந்துவிடும். அந்த எஸ்எம்எஸ்ஸை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. லைன் கெட்டுப்போவது இயற்கை. கெட்டதைப் பார்க்காமலே சரியாகிவிட்டது என்று எழுதுவதை நான் மன்னிக்க மாட்டேன்.

அந்தக் கோபத்தில்தான் மோடத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். பெரும்பாலான வீடுகளில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அட்மின் என்றே கிடக்கும். இணைப்பு கொடுக்க வருகிறவர் அந்தப் பக்கத்தில் விபிஐ 0, விசிஐ 35 என்று இரண்டு எண்களைப் போட்டுவிட்டுப் போவார். அதற்குப் பிறகு யாரும் அதைத் திறப்பதில்லை. அதே பக்கத்தில், ஸ்டேட்டஸ் என்ற இடத்தில், லைனின் உடல்நிலை முழுவதும் எழுதியிருக்கிறது. மோடமும் எக்ஸ்சேஞ்சும் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட வேகமான சிங்க் ஸ்பீடு, எஸ்என்ஆர் மார்ஜின், அட்டனுவேஷன்: இந்த மூன்றையும் படிக்கத் தெரிந்துவிட்டால் லைனோடு நேரடியாகவே பேசலாம்.

மூன்றையும் விளங்கிக்கொள்ள, கம்பிக்குள் நடப்பது கொஞ்சம் தெரிய வேண்டும். நாம் பேசும் குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே அந்தக் கம்பி சும்மா கிடந்தது. அந்தச் சும்மா கிடந்த இடத்தைத்தான், தொலைபேசிக் கம்பியில் இணையத்தை ஓட்டும் ஏடிஎஸ்எல் முறை எடுத்துக்கொண்டது. ஏறுவதற்கு 138 கிலோஹெர்ட்ஸ் வரை, இறங்குவதற்கு அங்கிருந்து 1104 கிலோஹெர்ட்ஸ் வரை. பின்னால் வந்த ஏடிஎஸ்எல் 2 பிளஸ்ஸில் 2208 வரை. இறங்கும் பக்கத்துக்கு அதிக இடமும் ஏறும் பக்கத்துக்குக் குறைந்த இடமும் கொடுத்தால் மொத்தத்தில் நிறையத் தரவு போகும் என்று கண்டவர், அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வகத்தில் இருந்த ஜோசப் லெக்லைடர். அந்த இடத்தை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அதன் நிலைமைக்குத் தக்கபடி தரவை ஏற்றும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் சியோஃபி. வாய்க்காலில் வரும் தண்ணீரைப் பல மடைகளில் பிரித்து, மேட்டு வயலுக்குக் குறைத்தும் பள்ளத்துக்குக் கூட்டியும் விடுகிற ஏற்பாடுதான் அது. சுத்தமான துண்டு 15 பிட் வரை சுமக்கும். இரைச்சல் உள்ளது இரண்டோ மூன்றோ சுமக்கும். மிக மோசமானதை மோடம் விட்டுவிடும்.

அட்டனுவேஷன் என்பது எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் சிக்னல் எவ்வளவு தேய்ந்தது என்ற கணக்கு. டெசிபலில் சொல்வார்கள், குறைய இருந்தால் நல்லது. மெல்லிய கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் தேயும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். எஸ்என்ஆர் மார்ஜின் என்பது, இப்போது ஓடும் வேகத்துக்குத் தேவையானதைவிட எவ்வளவு தெளிவு மிச்சம் இருக்கிறது என்பது. இது அதிகமாக இருக்க வேண்டும். 6 டெசிபலுக்குக் கீழே போனால் எந்த நேரமும் அறுந்துவிடும் நிலை.

எங்கள் வீட்டில் அட்டனுவேஷன் 52. மார்ஜின், நல்ல வெயில் அடிக்கும் பகலில், 5. எக்ஸ்சேஞ்ச் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில், நடந்தே போய்விடக்கூடிய இடத்தில் இருந்தது. 52 டெசிபலுக்குக் கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் கம்பி வேண்டும். மிச்ச இரண்டு கிலோமீட்டர் எங்கே போயிற்று என்பதுதான் என் முதல் கேள்வி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேகம் குறைவு என்று புலம்புகிற எல்லாருக்கும் லைன் கெட்டிருப்பதில்லை. டவுன்லோடு ஆகும்போது திரையில் தெரிவது கிலோபைட். திட்டத்தில் எழுதியிருப்பது கிலோபிட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். 2 எம்பிபிஎஸ் என்றால் 250 கிலோபைட்; அதிலும் ஏடிஎம் முறையில் 53 பைட் கொண்ட ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 5 பைட் முகவரிக்கே போய்விடும். 210, 215 வந்தால் முழு வேகம் வருகிறது என்று அர்த்தம். சிங்க் ஸ்பீடு சரியாக 2048 காட்டி, மார்ஜினும் நன்றாக இருந்து, அப்படியும் பக்கம் திறக்கவில்லை என்றால் கம்பியைக் குறை சொல்லக் கூடாது. நெரிசல் எக்ஸ்சேஞ்சுக்கு அந்தப் பக்கம். சிங்க் ஸ்பீடே விழுந்திருந்தால் மட்டும் கம்பியில் தேட வேண்டும். இந்த ஒரு பிரிவினையைப் புகார் எடுப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் எத்தனையோ வீடுகளின் மாதக்கணக்கான அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

எனக்கு மாலையில் சிங்க் ஸ்பீடே 700க்குப் போனது. ஆகவே கம்பி.

தேடலை வீட்டுக்குள்ளிருந்து தொடங்கினேன். வாசல் திண்ணைச் சுவரில் ரோசட் என்று சொல்லும் சின்ன வெள்ளைப் பெட்டி. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயர் அங்கேதான் வந்து முடியும். மூடியைக் கழற்றினால் உள்ளே எறும்புப் புற்றின் மண். இரண்டு திருகுகளின் தலையிலும் பச்சைக் களிம்பு. அங்கிருந்து ஒரு தட்டைக் கம்பி கூடத்துக்கும், இன்னொன்று சமையலறைக்கும், மற்றொன்று மாடிக்கும் போயிற்று. சமையலறையில் அம்மாவுக்காக வைத்த போன். மாடியில் தம்பி படித்த காலத்தில் வைத்தது. போனை எடுத்துப் பல வருடம் ஆகியும் கம்பி மட்டும் சுவரில் கிடந்தது. குரலுக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. ஏடிஎஸ்எல்லுக்கு இப்படி முடிவில்லாமல் தொங்கும் கிளைக் கம்பி பெரிய கெடுதல். சிக்னல் அதில் போய் முட்டித் திரும்பி வந்து, மூலச் சிக்னலோடு மோதும்.

கிரகாம் பெல் 1881இலேயே இரண்டு கம்பிகளை முறுக்கிப் போடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். முறுக்கினால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக விழுந்து, ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டுவிடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் நிலத்தடி கேபிளில் ஒவ்வொரு ஜோடியும் முறுக்கித்தான் இருக்கிறது. வீட்டுக்குள் மட்டும் முறுக்கு இல்லாத தட்டைக் கம்பியை, மின்சார பைப்புக்கும் ஃபேன் ரெகுலேட்டருக்கும் பக்கத்தில் ஒட்டியே ஓட்டியிருக்கிறோம். அது ஆன்டெனா வேலை பார்க்கிறது.

மாடிக் கம்பியை ரோசட்டிலேயே அவிழ்த்து விட்டேன். களிம்பை உப்புத்தாளால் தேய்த்து, கம்பி நுனியைப் புதிதாகச் சீவி இறுக்கினேன். குரலையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரைக் கூடத்திலிருந்து வாசலுக்கு மாற்றி, அங்கிருந்து மோடத்துக்குத் தனியாக முறுக்குக் கம்பி ஒன்றை இழுத்தேன். போன்கள் எல்லாம் ஸ்ப்ளிட்டரின் இன்னொரு வாயில். மோடம் மறுபடி பிடித்தபோது மார்ஜின் 8.

“என்னடா, சமையல்கட்டு போனைப் புடுங்கிட்டியா?” என்று அப்பா கேட்டார். இல்லை, அது இருக்கிறது, இரைச்சல்தான் போய்விட்டது என்றேன். அவர் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து, சத்தம் துல்லியமாக இருப்பதாக ஒத்துக்கொண்டார்.

பகல் சரியாயிற்று. மாலை மட்டும் மறுபடி 1100, 900. அந்த வருடங்களின் மின்வெட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும். பகலில் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. அந்தி சாயும் நேரத்தில் வரும். மோடம் என்பது தொடங்கும் கணத்தில் லைன் எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்து வேகத்தை முடிவு செய்யும். இரைச்சலான நேரத்தில் தொடங்கினால் குறைந்த வேகத்தில் பிடித்துக்கொண்டு, பிறகு லைன் தெளிந்தாலும் அதிலேயே கிடக்கும். மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும் நேரம் எங்கள் தெருவில் அத்தனை டியூப்லைட்டும் ஒன்றாக எரியும் நேரம்.

இந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அப்பாவின் டிரான்சிஸ்டர் உதவியது. ஏடிஎஸ்எல் ஓடும் அலைவரிசையும் மத்திய அலை வானொலியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸே ஏடிஎஸ்எல்லின் 217ஆம் துண்டுக்கு நடுவில் விழுகிறது. ஆகவே கம்பிக்குள் நுழையும் இரைச்சலை ரேடியோவிலேயே கேட்கலாம். நிலையம் எதுவும் இல்லாத இடமாக 600க்குப் பக்கத்தில் முள்ளை நிறுத்தி, சத்தத்தைக் கூட்டிக்கொண்டு, கம்பி போகும் வழியோடு மெல்ல நடந்தேன். ஃபிரிட்ஜ் அருகில் ஒன்றும் இல்லை. டிவி அருகில் லேசான உறுமல். வாசலுக்கு வந்ததும் ரேடியோ கொர்ரென்று அலறியது. மேலே எலக்ட்ரானிக் சோக் போட்ட டியூப்லைட். டிராப் வயர் அதன் பட்டியை உரசியபடி உள்ளே வந்துகொண்டிருந்தது. ஸ்விட்சை அணைத்தேன், அலறல் நின்றது. போட்டேன், அலறியது. சோக்கை மாற்றி, கம்பியை இரண்டடி தள்ளி ஆணி அடித்துக் கட்டியதும் மாலை வேகம் பகல் வேகத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இரவில் தூரத்து மத்திய அலை நிலையங்கள் வானத்தில் பட்டுத் திரும்பி வருவதால் மார்ஜின் ஒன்றிரண்டு டெசிபல் குறையத்தான் செய்யும். அதற்கு வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை.

மழைதான் மிச்சம் இருந்தது. மழைக்கு மருந்து எங்கள் வீட்டுக்குள் இல்லை.

எங்கள் பகுதி லைன்மேன் ஐம்பது வயதைத் தாண்டியவர். சைக்கிள் கேரியரில் டிராப் வயர் சுருள், ஹேண்டில்பாரில் ஒரு துணிப்பை, இடுப்பில் டெஸ்ட் போன். எக்ஸ்சேஞ்சிலிருந்து பில்லர், பில்லரிலிருந்து கம்பத்து டிபி பெட்டி, அங்கிருந்து வீடு என்று ஊரின் ஒவ்வொரு ஜோடிக் கம்பியும் எந்த வழியாகப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். வரைபடம் எக்ஸ்சேஞ்சில் இருந்தது. அதைவிட அவர் சொல்வது சரியாக இருந்தது. அப்படிப்பட்டவரை எஸ்எம்எஸ் அனுப்பும் ஏற்பாடு எதுவுமே கேட்கவில்லை. ஒரு நாளைக்கு அத்தனை புகார்ச் சீட்டை அவர் கையில் திணித்து, மாலைக்குள் முடித்தாயிற்றா என்று மட்டும் கேட்டது.

முதல் முறை வந்தபோது மோடத்தை அவர் பார்க்கவே இல்லை. ரோசட்டில் டெஸ்ட் போனை மாட்டினார். டயல் டோன் கேட்டதும் ஒரே ஒரு எண்ணை அழுத்தினார். டோன் நின்று, சில விநாடிகள் லைன் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையை அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு என் காதில் வைத்தார்.

“கேளுங்க தம்பி. சுத்தமான லைன்னா ஒண்ணுமே கேக்கக் கூடாது.”

எண்ணெய்ச் சட்டியில் தாளிப்பு அடங்கும்போது வருமே, அந்தப் பொரியல் சத்தம், மிக மெல்லியதாக.

“இது ஈரமாண்ணே?”

“ஈரந்தான். ஆனா வீட்டு ஈரம் இல்ல. அது விட்டு விட்டு வரும். இது ஒரே சீரா வருது பாருங்க. அடியில எங்கயோ ஜாயின்ட் நனையுது.”

அவர் சொன்ன வழியைக் கேட்டபோது காணாமல்போன கிலோமீட்டருக்குப் பாதி விடை கிடைத்தது. எங்கள் தெருவுக்கு நேராக கேபிள் போடவில்லை. ரயில்வே கேட்டைச் சுற்றி, கடைத்தெரு பில்லர் வழியாக, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வருகிறது. அது மூன்று கிலோமீட்டருக்கு மேல். மீதிப் பாதி அந்த நனைந்த ஜாயின்ட்டாக இருக்கலாம் என்பது அவர் கணிப்பு. பாலத்துக்குப் பக்கத்தில், பல வருடம் முன்பு சாலை போட்டபோது அறுத்து ஒட்டிய இடம். தோண்டிப் பார்க்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சாலையை வெட்ட ஊராட்சியில் அனுமதி, கூலி, புது கேபிள் துண்டு; எல்லாவற்றுக்கும் காரணம் காட்ட வேண்டும். காதால் கேட்டேன் என்பது காரணமாகாது என்று மேலே சொல்லிவிட்டார்கள்.

நடுவில் ஒரு வேடிக்கையான பழுதும் வந்தது. ஒரு மழை நாளில் போன் செத்துவிட்டது, டயல் டோனே இல்லை. ஆனால் இணையம் நத்தையாக ஓடிக்கொண்டிருந்தது. போன் லைனே இல்லாதபோது அதில் ஓடும் இணையம் எப்படி உயிரோடு இருக்கிறது என்று நான் திகைத்துப்போனேன். லைன்மேன் வந்து பார்த்து, “ஒரு லிம்ப் அறுந்திருக்கு தம்பி” என்றார். ஜோடியில் ஒரு கம்பி மட்டும் துண்டாகியிருந்தது. போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் நேர்மின்சாரம் ஒரு கம்பியில் வந்து இன்னொன்றில் திரும்ப வேண்டும். அறுந்தால் வட்டம் முடியாது, போன் சாகும். உயர் அலைவரிசைச் சிக்னல் அறுந்த இடைவெளியையும் பக்கத்துக் கம்பிகளையும் கொஞ்சம் தாவிக் கடந்துவிடும். ஆகவே இணையம் நொண்டியாவது நடக்கும். டிபி பெட்டியில், குளவிக் கூட்டுக்குப் பின்னால், அறுந்த நுனியைக் கண்டுபிடித்தார். இன்சுலேஷன் டேப் சுற்றிய பழைய முறுக்கை வெட்டி எறிந்துவிட்டு, ஜெல்லி நிரப்பிய சின்ன கனெக்டருக்குள் இரண்டு நுனியையும் செருகி இடுக்கியால் அமுக்கினார். “டேப் சுத்துனா ஒரு மழை தாங்கும். இது ரொம்ப வருசம் தாங்கும்.” கம்பத்திலிருந்து இறங்கும்போது இன்னொன்றும் சொன்னார்: மணி அடிக்கும் நேரத்தில் கம்பியைத் தொடக் கூடாது, அப்போது அதில் 75 வோல்ட்டுக்கு மேல் மாறுமின்சாரம் ஓடும், கை உதறிவிடும். ரோசட்டைத் திறக்கும் முன் ரிசீவரை எடுத்துத் தனியாகக் கீழே வைத்துவிட்டுத் திற என்பது அவர் எனக்குக் கொடுத்த விதி. இன்றுவரை யாருக்குச் சொன்னாலும் அதைச் சேர்த்தே சொல்கிறேன்.

காதால் கேட்டது காரணமாகாது என்றால் எண்ணால் காட்டலாமே என்று தோன்றியது. எங்கள் டிபி பெட்டியிலிருந்து போகும் வீடுகளில் பிராட்பேண்ட் வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். எல்லாரும் வேகம் குறைவு என்று என்னிடம் வந்து புலம்பியவர்கள்தான். ஒவ்வொரு வீடாகப் போய் அந்த ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து எழுதிக்கொண்டேன். டீச்சர் வீட்டில் 51. மாவு மில்காரர் வீட்டில் 53. கோயில் குருக்கள் வீட்டில் 52. அடுத்த தெரு வேறு டிபி. ஆனால் அதே கடைத்தெரு பில்லரிலிருந்து வருவது. எக்ஸ்சேஞ்சிலிருந்து எங்களைவிடக் கொஞ்சம் அதிக தூரம்கூட. அங்கே 43, 44.

பில்லர் வரை பிரதான கேபிள் இரண்டு தெருவுக்கும் ஒன்றுதான். அது கெட்டிருந்தால் இரண்டு தெருவும் கெட வேண்டும். வீட்டுக் கம்பி கெட்டிருந்தால் ஒரு வீடு மட்டும் கெட வேண்டும். ஒரு டிபி முழுவதும் ஒரே அளவில் கெட்டிருக்கிறது என்றால் பழுது பில்லருக்கும் எங்கள் டிபிக்கும் நடுவில். அந்த நீளத்தில் இருப்பது ஒரே ஒரு ஜாயின்ட். லைன்மேன் சொன்ன வாய்க்கால் பாலத்து ஜாயின்ட். மழைக்கு முன், மழைக்குப் பின் என்று எங்கள் வீட்டு மார்ஜினையும் தேதியோடு சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே தாளில் கட்டம் போட்டு அச்சடித்தேன். பக்கம் வடிவமைப்பது என் தொழில்; அந்தத் தாளுக்கு நான் எடுத்துக்கொண்ட அக்கறையை எந்தப் புத்தகத்துக்கும் எடுத்ததில்லை. லைன்மேனின் பழைய கடிதத்தின் நகலையும் இணைத்து, அவரையும் அழைத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன்.

அங்கே புதிதாக வந்திருந்த இளம் பொறியாளர் தாளை இரண்டு முறை படித்தார். எக்ஸ்சேஞ்ச் பக்கத்து டிஎஸ்லாம் கருவியிலிருந்தே எங்கள் போர்ட்டுகளை எடுத்துப் பார்த்தார். அவர் திரையிலும் அதே எண்கள். அங்கே உட்கார்ந்தபடியே, ஒரு நிமிடத்தில், ஊர் முழுக்க எந்த லைன் நோயாளி என்று பார்த்துவிடலாம். பார்க்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை. அவர் லைன்மேனைப் பார்த்து, “அண்ணே, நீங்க எழுதினது இதே இடந்தானா?” என்று கேட்டார். “இதே இடந்தான் சார்.”

தோண்டியது தை மாதத்தில். கூலியாட்கள் இரண்டு பேர், மண்வெட்டி, கடப்பாரை. நாலடி ஆழத்தில் ஜாயின்ட்டை மூடியிருந்த கறுப்பு ஸ்லீவ் தெரிந்தது. ஒரு ஓரத்தில் முடியளவு வெடிப்பு. லைன்மேன் குழிக்குள் இறங்கி, அதை வெட்டித் திறந்ததும் பழுப்புத் தண்ணீர் குடுகுடுவென்று கொட்டியது. மழை நின்று எத்தனையோ நாள் ஆகியிருந்தது; தண்ணீர் உள்ளேயே தங்கியிருந்தது. உள்ளே ஜோடிகள் பொடிப் பச்சையாகப் பூத்துப்போயிருந்தன. சில கம்பிகள் தொட்டதும் ஒடிந்தன. அவர் இரண்டு பக்கமும் கேபிளை, செம்பு பளபளவென்று தெரியும் வரை சீவிக்கொண்டே போனார். அவ்வளவு சீவியதில் நீளம் போதவில்லை. நடுவில் புது கேபிள் துண்டு வைக்க வேண்டியதாயிற்று. வெள்ளை-நீலம், வெள்ளை-ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, வெள்ளை-பழுப்பு, வெள்ளை-சாம்பல். பிறகு சிவப்போடு அதே ஐந்து நிறம். வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு ஜோடியாகக் கோத்தார். முறுக்கைக் கனெக்டருக்குப் பக்கம் வரை விடாமல் வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். “அவுத்து விட்டா பக்கத்து லைன் பேசுறது இதுல கேக்கும்” என்றார். பெல் 1881இல் வாங்கிய காப்புரிமையின் பொருள் அந்த விரல்களில் இருந்தது. புளோலாம்ப்பைப் பற்றவைத்து, புது ஸ்லீவை நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லச் சுட்டுச் சுருக்கினார். பசை இரு முனையிலும் பிதுங்கி வந்த பிறகுதான் குழியை மூட விட்டார்.

வீட்டுக்கு ஓடி ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்தேன். அட்டனுவேஷன் 43. மார்ஜின் 14. பழுது காலத்தில் எக்ஸ்சேஞ்சில் எங்கள் போர்ட்டைப் பாதுகாப்புக்காகக் குறைந்த வேகத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். பொறியாளர் அதையும் திறந்துவிட்டதும் 2048 வந்தது. டீச்சர் வீட்டிலும் மில்காரர் வீட்டிலும் அன்று மாலையே வந்து சொன்னார்கள். குருக்கள் வீட்டு அம்மா, அமெரிக்காவிலிருக்கும் மகனின் முகம் ஸ்கைப்பில் அறுபடாமல் தெரிந்ததாகச் சொல்லி ஒரு டப்பா புளியோதரை கொடுத்தனுப்பினார். அதை லைன்மேனுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று பாதியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த ஐப்பசியில் விடாமல் நான்கைந்து நாள் பெய்தது. மார்ஜின் 13க்குக் கீழே இறங்கவில்லை. மழை விட்ட காலையில் வாசலில் சைக்கிள் மணி. லைன்மேன் இறங்காமல் ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையில் மடித்த தாள். ஏதோ ஒரு டிபியின் எண்ணும், அதில் இருக்கும் வீடுகளின் தொலைபேசி எண்களும் பால்பாயிண்ட்டில் எழுதியிருந்தன.

“தம்பி, ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட இன்னொரு ஜாயின்ட் இருக்கு, எனக்குச் சந்தேகம். அந்தக் கட்டம் போட்ட தாள் மாதிரி ஒண்ணு வேணும். எப்ப வர்றீங்க?”

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினேன்.